ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சின் நுனியில் வெண்படலம்: பவளத் தொட்டி வைத்திருப்போரிடம் ஒரு கேள்வி

பாளைத் தொட்டி:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் என் வீட்டில் 300 லிட்டர் கொள்ளளவுள்ள பவளத் தொட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். கீழே வடிகட்டும் கருவிகள் வைக்கும் துணைத் தொட்டியாகத் தனியாகச் சம்ப் உண்டு, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் யு.வி. விளக்கும் இரவு பகலாக ஓடுகின்றன. சில்லர் வைத்து நீரை 26 பாகையில் நிறுத்தியிருக்கிறேன். உப்பளவு ஆயிரத்துக்கு 35, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02. மென்பவளங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

தீபாவளிக்கு முன்பு, வெளியூர்க் கடை ஒன்றிலிருந்து ஆரஞ்சு நிறக் கிளைக் கடற்பஞ்சு ஒன்றை வரவழைத்தேன். கல்லோடு ஒட்டியபடியே, பை நிறைய நீருடன் வந்தது. பையைத் தொட்டிக்குள் அமிழ்த்தி, காற்றுப் படாமலேயே இறக்கினேன். "இதற்குத் தனியாகத் தீனி எதுவும் வேண்டாம், தொட்டியே சோறு போட்டுவிடும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பொங்கல் வரையில் நிறம் மங்கவே இல்லை. மாசி பிறந்த பிறகு இரண்டு கிளைகளின் நுனியில் மெல்லிய வெண்படலம் தெரிகிறது. ஒரு கிளை முன்பிருந்ததைவிட இளைத்தது போலவும் இருக்கிறது. நாற்றம் எதுவும் இல்லை. இது நோயா, வெளிச்சம் கூடிவிட்டதா, இடத்தை மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வள்ளியூர்க் காற்று:

தொட்டியில் ஏஞ்சல் மீன் ஏதேனும் உண்டா அண்ணாச்சி? பெரிய ஏஞ்சல் மீன்களும் மூரிஷ் ஐடலும் கடற்பஞ்சைக் கொறித்தே வயிறு வளர்ப்பவை. இரவில் விளக்கணைத்த பிறகு டார்ச் அடித்து, ஓடில்லாக் கடல் நத்தை ஏதாவது கிளையில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொறித்த இடத்தில் குழி விழுந்திருக்கும். படலம் மட்டும் தனியாக வராது.

பாளைத் தொட்டி:

ஏஞ்சல் மீன் இல்லை. இரவில் பார்த்தேன், நத்தையும் இல்லை, குழியும் இல்லை.

விலங்கியல் ஆசிரியை:

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. கூரிய புதிய பிளேடால், கடற்பஞ்சைத் தண்ணீருக்குள் வைத்தபடியே, வெண்படலம் முடியும் இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி நல்ல சதையில் வெட்டி, வெட்டிய துண்டைத் தொட்டியிலிருந்து அகற்றிவிடுங்கள். அந்தத் துண்டின் வெட்டிய பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள்; வெளியே நாற்றம் இல்லாதபோதும் உள்ளே அழுகியிருக்கக்கூடும். நீரைச் சுத்தப்படுத்தும் புதிய கரியைச் சம்பில் போடுங்கள். வெட்டினால் செத்துவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. 1907இல் எச். வி. வில்சன் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் உயிருள்ள கடற்பஞ்சை மெல்லிய பட்டுத் துணி வழியாகப் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அந்தச் செல்களே மீண்டும் ஒன்றுகூடிப் புதிய கடற்பஞ்சாயின. காயம் ஆற்றிக்கொள்வதில் இதற்கு ஈடான விலங்கு அரிது. இதைக் கொல்வது பெரும்பாலும் பசிதான்.

கடற்பஞ்சுகளாகிய துளையுடலிகளுக்கு வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பும் இல்லை. மேற்பரப்பில் ஆஸ்டியா எனப்படும் நுண்துளைகள் வழியாக நீர் நுழைகிறது. உள்ளே கோயனோசைட்டு செல்கள் தம் கசையிழைகளை அசைத்து அந்த நீரை இழுக்கின்றன. ஆஸ்குலம் என்ற பெரிய துவாரம் வழியாக நீர் வெளியேறுகிறது. ஒரே நாளில் தன் உடற்பருமனைப் போலப் பல்லாயிரம் மடங்கு நீரை இது இறைத்துவிடும். அந்த நீரில் இருந்து அது பிடிப்பது பெரும்பாலும் பாக்டீரியாக்களையும், ஐந்து மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட மிதவை உயிரிகளையும், கரைந்த கரிமப் பொருள்களையும்தான். பவளத்துக்குத் தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆஸ்டியாத் துளையோ பொதுவாக 50 மைக்ரானைத் தாண்டாது. பவளத்துக்குப் போடும் தீனியை இதன்மேல் பீய்ச்சுவது, இட்லித் தட்டின் துளைக்குள் எலுமிச்சம்பழத்தைத் திணிப்பதற்குச் சமம். துளையை அடைப்பதைத் தவிர அதனால் பயன் இல்லை.

இப்போது உங்கள் நீரின் கணக்கைப் பாருங்கள். யு.வி. விளக்கு நீரில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஸ்கிம்மர் மிஞ்சியதை நுரையோடு அள்ளிக் கொட்டுகிறது. நீங்கள் கணக்குச் சொன்ன அந்தச் சுத்தமான நீரில் கடற்பஞ்சு உண்பதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. பிறகு எப்படிப் பொங்கல் வரையில் நிறம் மாறாமல் இருந்தது என்று கேட்பீர்கள். பட்டினி கிடக்கும் கடற்பஞ்சு மீனைப் போல வயிறு ஒட்டிக் காட்டாது. தன் செல்களையே கரைத்து உயிர் வாழும். சிலிக்கா நுண்முட்களும் ஸ்பாஞ்சின் நாரும் சேர்ந்த எலும்புக்கூடு அப்படியே நிற்பதால் உருவம் குலையாது. நிறமியும் உடனே அழியாது. கடையில் பளிச்சென்று இருந்தது என்பதை வைத்து அது நலமாக இருந்தது என்று முடிவு செய்ய முடியாது. வாங்கி மூன்று நான்கு மாதங்கள் கழித்து "திடீரென்று" செத்துப்போனதாகச் சொல்லப்படும் ஆரஞ்சு, சிவப்புக் கிளைக் கடற்பஞ்சுகளில் பெரும்பாலானவை கடையிலேயே தேயத் தொடங்கியவை என்பதே என் கருத்து.

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆரஞ்சு நிறக் கிளைக் கடற்பஞ்சுக்கு ஒளி தேவையில்லை. ஒளி நேரடியாகத் தீங்கு செய்வதைவிட, ஒளி பட்ட இடத்தில் பாசி படிந்து துளைகளை மூடுவதே பெரிய தொல்லை. நிழலும், அழுக்குத் தங்காத நீரோட்டமும் உள்ள இடமாகப் பார்த்து வையுங்கள்.

உவரிக் கரை:

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். அண்ணாச்சி காற்றுப் படாமல் இறக்கியதாக எழுதியிருக்கிறார்; எல்லாரும் அதையே வேதம் போலச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஐயம் உண்டு. எங்கள் பக்கத்துப் பாறைகளில் நீர் வற்றும்போது, பாறையிடுக்கில் ஒட்டிய கடற்பஞ்சு வெளியே தெரியும். வெயில் ஏறுவதற்குள் நீர் திரும்ப ஏறிவிடும். மறுநாளும் அது அங்கேயே உயிரோடு இருக்கும். சிங்கி இறாலுக்குப் பாறைத் தரையில் போடும் வலையிலும் கடற்பஞ்சு சிக்கி வருவதுண்டு. பிய்த்துக் கடலில் எறிகிறோம். அவற்றில் ஒன்றிரண்டை நீரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் கடைக்குக் காசு கொடுக்க வேண்டிய தேவையே இல்லையே?

விலங்கியல் ஆசிரியை:

நீங்கள் கண்டது உண்மைதான். நீர் வற்றும் கரையில் வாழும் வகைகள் பெரும்பாலும் பாறைமேல் மெல்லிய படலமாகப் படர்ந்தவை. இடுக்கின் ஈரமும் நிழலும் அவற்றைக் காக்கின்றன, துளைகளை மூடி உள்நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவற்றால் முடியும். ஆழத்தில் கிளை கிளையாக வளரும் வகைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதைத் தூக்கினால் கால்வாய்களில் இருக்கும் நீர் வடிந்து அந்த இடத்தில் காற்று புகும். திரும்ப நீரில் வைத்தாலும் அவ்வளவு நுண்ணிய கால்வாயில் சிக்கிய குமிழியைத் தள்ளும் வலு அந்தக் கசையிழைகளுக்கு இல்லை. குமிழிக்கு அப்பால் உள்ள செல்களுக்கு நீர் போகாது. அவை செத்து அழுகி, அழுகல் பக்கத்துச் சதைக்குப் பரவும். ஆகவே காற்று எல்லாக் கடற்பஞ்சையும் கொல்லும் என்று சொல்வது மிகை. எந்த வகை என்று தெரியாதபோது காற்றுக் காட்டாதிருப்பது அறிவு. வலையில் வந்தது ஏற்கெனவே பிய்ந்து, காற்றில் தொங்கி, படகில் கிடந்தது. அது தேறாது.

வள்ளியூர்க் காற்று:

தேறினாலும் வேண்டாம் தம்பி. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001இல் பாறைப் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் அட்டைகள் ஆகியவற்றோடு சுண்ணாம்புக் கடற்பஞ்சு வகுப்பு முழுவதும் சேர்க்கப்பட்டது. கரையில் நின்று பார்த்து இது சுண்ணாம்பு வகை, இது சிலிக்கா வகை என்று பிரித்துச் சொல்ல நம்மில் யாருக்கும் முடியாது. அதற்கு நுண்நோக்கியின் கீழ் நுண்முள்ளைப் பார்க்க வேண்டும். ஒட்டியிருக்கும் கல்லில் பவளத் துணுக்கு இருந்தால் அது வேறு வழக்கு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் 1986இல் தேசியப் பூங்காவாக்கி, 1989இல் அந்தக் கடற்பரப்பையே உயிர்க்கோளக் காப்பகமாக்கியிருக்கிறார்கள். நம் பொழுதுபோக்குக்காக அங்கிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கலாகாது என்பது என் கொள்கை.

தென்காசிச் சாரல்:

ஆசிரியை அம்மா பசியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. அந்தப் பசியைத் தீர்க்கும் வழியைப் பற்றி எழுதுகிறேன்.

கடையில் விற்கும் புட்டித் தீனியைவிட வீட்டில் வளர்க்கும் நுண்பாசி மேல். நான் நானோகுளோராப்சிஸ் வளர்க்கிறேன். அதன் செல் இரண்டு மூன்று மைக்ரான்தான், கடற்பஞ்சுக்குப் பொருந்தும். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி, உப்பு நீர், கில்லார்டு உரக்கரைசல், மீன்தொட்டிக் காற்றுப் பம்பு, ஒரு எல்.இ.டி. விளக்கு ஆகியவை போதும். கரும்பச்சையாகத் திரண்டதும் பாதியை எடுத்துத் தொட்டிக்கு ஊற்றிவிட்டு, மீதியில் புது நீர் சேர்த்துவிடுவேன். ஒரே தடவையில் அதிகம் ஊற்றுவதைவிடச் சொட்டுச் சொட்டாக இரவு முழுவதும் இறங்கச் செய்வது நல்லது, ஏனெனில் இந்த உயிரி பெரும்பாலும் இரவு பகலாகக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டுகொண்டே இருக்கும். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்க்கும் கீட்டோசெரஸ் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நீண்ட முட்களை நீட்டிக்கொண்டு சங்கிலியாகச் சேரக்கூடிய டயாட்டம் என்ற நுண்பாசி வகை. இறால் குஞ்சுக்கு நல்லது, இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட முக்கியம் பாக்டீரியா. நைட்ரேட்டை உண்ணும் பாக்டீரியா பெருகி நைட்ரேட் குறையட்டும் என்று நான் மிகச் சிறிதளவு வோட்கா விடத் தொடங்கிய பிறகு, நீர் வழியும் பெட்டியின் இருண்ட சுவரில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கடற்பஞ்சுகள் தாமாகவே படர்ந்தன. யாரும் அவற்றை வாங்கி வைக்கவில்லை. 2013இல் யாஸ்பர் டி கூய் தலைமையிலான குழு சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை நினைவிருக்கலாம்: பவளப் பாறை இடுக்குகளில் வாழும் கடற்பஞ்சுகள், பவளமும் பாசியும் கசியவிடும் கரைந்த கரிமப் பொருளை உறிஞ்சி, தம் பழைய செல்களைத் துகளாக உதிர்த்து மற்ற உயிரிகளுக்கு உணவாக்குகின்றன என்று அதில் காட்டினார்கள். அப்படியிருக்க, இந்தக் கரைந்த பொருளைத்தான் நம் ஸ்கிம்மரும் கரியும் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கின்றன. ஆகவே யு.வி.யை அறவே நிறுத்துங்கள், ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள்.

சிலிக்காவையும் மறக்க வேண்டாம். நாம் எல்லாரும் ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின், கரைந்த உப்புகளை நீக்கும் டி.ஐ. ரெசின் வைத்து, கண்ணாடியில் பழுப்புப் பாசி வரக்கூடாதென்று சிலிக்காவை ஒட்டத் துடைக்கிறோம். சிலிக்கா நுண்முள் கட்டும் வகைக்கு அது எலும்பை மறுப்பதாகும். ரெசின் தீரும்போது முதலில் கசிவதும் சிலிக்காதான். அந்தச் சமயத்தில் கண்ணாடி பழுப்பதையும் என் சம்பில் பஞ்சுகள் தழைப்பதையும் சேர்த்தே பார்த்திருக்கிறேன்.

வள்ளியூர்க் காற்று:

> "ஸ்கிம்மரையும் நிறுத்துங்கள்"

இதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது அண்ணாச்சி. நீங்கள் சாரல் அடிக்கும் ஊரில் இருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் சித்திரைக் கத்திரி வேறு மாதிரி. கடல் நீர் 25 பாகையில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகைக்கு ஏறினால் 6.2தான். ஸ்கிம்மர் அழுக்கை எடுப்பதோடு நீரில் காற்றையும் கலக்கிறது. வோட்காவை விட்டுப் பாக்டீரியாவைப் பெருக்கிவிட்டு, காற்றுக் கலக்கும் கருவியையும் நிறுத்தினால், மின்சாரம் போன ஒரு மதியம் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, நம் பக்கத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது பேட்டரிப் பம்பு ஒன்றுதான் என் தொட்டியைக் காப்பாற்றியது. மீன்கள் திணறின, வியப்பு என்னவென்றால் சம்பில் இருந்த கடற்பஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விலங்கியல் ஆசிரியை:

அதில் வியப்பில்லை. 2014இல் டென்மார்க்கில் ஹாலிகான்ட்ரியா பனிசியா என்ற கடற்பஞ்சை வைத்து நடத்திய சோதனையில், காற்றோடு சமநிலையில் உள்ள நீரின் ஆக்சிஜனில் 0.5 முதல் 4 விழுக்காடு வரையே இருந்தபோதும் அது உயிர் வாழ்ந்தது. குறைந்த ஆக்சிஜனில் இறைப்பதைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆனால் வள்ளியூர் அண்ணாச்சி சொல்வது மீன்களைப் பற்றி. அவை காத்திருக்க மாட்டா.

இரு தரப்புக்கும் இடையே ஒரு வழி உண்டு. யு.வி.யை மீன்களுக்கு நோய் வந்த காலத்தில் மட்டும் ஓட்டினால் போதும். ஸ்கிம்மரை டைமரில் போட்டு, நுண்பாசி இறங்கும் நேரத்தில் மட்டும் சில மணி நேரம் நிறுத்தலாம். அந்த நேரத்தில் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் ஒன்றை நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி வைத்தால் காற்றுக் கலப்பு குறையாது. வோட்காவை இந்தத் தொட்டிக்கு நான் பரிந்துரைக்கவில்லை. நைட்ரேட் 2இல் இருக்கும்போது அதை மேலும் குறைப்பது பவளத்துக்கு ஆகாது. தீனியைச் சற்றுக் கூட்டி, நைட்ரேட் 5 வரை ஏற விடுவதே எளிது. சிலிக்காவைப் பொறுத்தவரை தென்காசி அண்ணாச்சி சொன்னது எல்லா வகைகளுக்கும் பொருந்தாது. நுண்முள்ளே இல்லாமல் ஸ்பாஞ்சின் நாரை மட்டும் நம்பி நிற்கும் வகைகளுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பாளைத் தொட்டி:

இரண்டு கிளைகளையும் நீருக்குள்ளேயே வெட்டினேன். ஒன்றின் வெட்டுவாய் முழுவதும் ஆரஞ்சாகவே இருந்தது. இளைத்திருந்த கிளையின் நடுவில் சாம்பல் நிறக் கூழ் போன்ற ஒன்று; வெளித்தோல் மட்டும் ஆரஞ்சாக இருக்க, உள்ளே வெறும் நார். முகர்ந்தபோது அழுகிய முட்டை நாற்றம். அந்தக் கிளையை அடியோடு எடுத்துவிட்டேன். மிச்சம் இருப்பது இரண்டு கிளைகளும் அடித்தண்டும். இவை உயிரோடு இருக்கின்றனவா என்று அறிய வழி உண்டா?

விலங்கியல் ஆசிரியை:

உண்டு. கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகளுக்குக் காட்டுவதற்கு ஃபுளோரசீன் என்ற பச்சையாக ஒளிரும் சாயத்தை மிகவும் நீர்க்கக் கரைத்துப் பயன்படுத்துகிறோம். எல்லாப் பம்புகளையும் சற்று நேரம் நிறுத்திவிட்டு, ஊசியில்லாச் சிரிஞ்சால் கிளையின் பக்கவாட்டில் ஒரு சொட்டை மெல்ல விடுங்கள். உயிருள்ள பகுதியானால் அந்தப் பச்சைப் புகை தோலை ஒட்டியபடி உள்ளே இழுக்கப்பட்டு மறையும்; சில நொடிகளில் ஆஸ்குலத்தின் வாயிலிருந்து மெல்லிய பச்சைக் கோடாக மேலே எழும். இறந்த பகுதியில் சாயம் விட்ட இடத்திலேயே தேங்கிக் கலையும். தொட்டவுடன் சோதித்தால் ஆஸ்குலம் மூடிக்கொண்டிருக்கும். இரவு முழுக்க விட்டுவிட்டு மறுநாள் செய்யுங்கள்.

பாளைத் தொட்டி:

செய்து பார்த்தேன். ஒரு கிளையில் சாயம் தெளிவாக மேலே வந்தது. மற்றொன்றில் அடிப்பகுதியில் மட்டும் வந்தது, நுனிப் பக்கம் வரவில்லை. நுனியை இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டேன். யு.வி. நின்றுவிட்டது, ஸ்கிம்மர் டைமரில் இருக்கிறது. கடற்பஞ்சைப் பாறையின் நிழல் பக்கமாக, வேவ் மேக்கரின் ஓட்டம் பக்கவாட்டில் உரசும்படி மாற்றினேன். தென்காசி அண்ணாச்சி நுண்பாசி விதைநீர் தருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார், அவருக்கு நன்றி.

உவரிக் கரை:

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இவ்வளவு பாடு இருக்கும்போது, புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கடற்பஞ்சை வாங்கலாம்?

விலங்கியல் ஆசிரியை:

என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் எதையும் வாங்க வேண்டாம். தொட்டி முதிர்ந்து, சம்பின் இருட்டில் அன்னாசிப்பழ வடிவில் நகக்கண் அளவுள்ள, சைக்கான் எனப்படும் வெள்ளைக் கடற்பஞ்சுகள் தாமாக முளைத்தால், அந்த நீரில் கடற்பஞ்சு உண்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அறியலாம். ஸ்டுட்கார்ட் நகர வில்ஹெல்மா உயிரியல் பூங்காவின் நீர்த்தொட்டியில் இப்படித் தானாக வளர்ந்திருந்த ஒரு சிறு உருண்டைக் கடற்பஞ்சை 2001இல் புதிய இனமாக விவரித்து, டெத்தியா வில்ஹெல்மா என்று பெயரிட்டார்கள். உடல் முழுவதையும் தாளகதியில் சுருக்கி விரிக்கும் உயிரி அது. இன்று ஆய்வகங்களில் பேர்பெற்றது.

வாங்கியே ஆக வேண்டுமானால், ஒளிச்சேர்க்கை செய்யும் நீலத் தட்டு வகை, கொலோஸ்பாஞ்சியா ஆரிஸ், ஓரளவு நம்பத் தகுந்தது. அதன் சதையில் வாழும் நீலப்பச்சைப் பாக்டீரியாக்கள் ஒளியிலிருந்து உணவு தருகின்றன. நுண்முள் இல்லாத வகை என்பதால் சிலிக்காக் கவலையும் இல்லை. அதன் குறை வேறு மாதிரியானது. பிடித்துக்கொண்டால் பக்கத்துப் பவளத்தின் மேலேயும் ஏறிப் படரும். தனிக் கல்லில், சுற்றிலும் மணல் விட்டு வையுங்கள்.

தென்காசிச் சாரல்:

படர்வதைப் பற்றிச் சொன்னது நல்லது. சங்கையும் முத்துச்சிப்பியையும் துளைத்துச் சல்லடையாக்கும் கிளையோனா என்ற கடற்பஞ்சு நம் தூத்துக்குடிக் கடலிலேயே உண்டு. தொட்டியில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து மஞ்சள் புள்ளிகள் வரிசையாகத் தலை நீட்டினால் ஒருமுறை சந்தேகப்பட்டுப் பாருங்கள்.

பாளைத் தொட்டி:

எடுத்த கிளை ஒட்டியிருந்த கல் துண்டு காலியாக இருக்கிறது. அதைத் திரும்பத் தொட்டியில் வைக்கலாமா?

வள்ளியூர்க் காற்று:

உடனே வேண்டாம் அண்ணாச்சி. கல்லின் துளைக்குள் அழுகல் மிச்சம் இருக்கும். பிரஷ்ஷால் தேய்த்து, தனி வாளியில் உப்பு நீரும் ஒரு சிறு பம்பும் போட்டு வைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை அம்மோனியா சோதியுங்கள். தொடர்ந்து சுழி காட்டிய பிறகு உள்ளே போடலாம்.